டிரம்ஸுக்கு இடப்பக்கம்

ஜூன் 3

அன்புள்ள குட்டிக்கு,

“போன் பண்ணாதீங்க அண்ணி. நீங்க அழுதா நான் எல்லாத்துக்கும் சரின்னுடுவேன், அப்புறம் ஒரு வாரம் என்னையே திட்டிக்கிட்டு இருப்பேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாய். அதனால் எழுதுகிறேன். நான் அழுதாலும் காகிதத்தில் உனக்குக் கேட்காது. இப்போது அழவும் இல்லை.

விஷயம் இதுதான். ஜூலை பதினான்காம் தேதி ஹோட்டல் மேனேஜர் நம் இசைக்குழுவைக் கேட்டுப் பார்க்கப்போகிறார். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க சனி, ஞாயிறு மாலைகளில் அந்த ஹால் நமக்கு. உன் அண்ணன் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லை. மாஸ்டர் எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார். நேற்று மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாற்ற எங்கள் கடைக்கு வந்தார். ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, “நான் வாசிக்கிறேன் மாஸ்டர்” என்றேன். கண்ணாடி என் கையில் இருந்ததால் அவருக்கு என் முகம் சரியாகத் தெரியவில்லை. “யாரும்மா?” என்றார். “நான்தான்” என்றேன். சிரிக்கவில்லை, நல்ல மனுஷன்.

“நான் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? பேஸும் டிரம்ஸும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. டிரம்ஸ்காரி சரின்னா எனக்கும் சரி” என்றார். அந்த உவமையை அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஆக, உன் வாயில்தான் இருக்கிறது. உன் அண்ணன் பேஸை அலமாரிக்குப் பக்கத்திலேயே சாத்திவிட்டுப் போனார். நவம்பரிலிருந்து வாசிக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சாதாரண பாட்டுகளை விரலால் மீட்டி ஓட்டிவிடுகிறேன். ‘படிக்கட்டு’தான் கழுத்தை நெரிக்கிறது. முதல் பாதி முழுக்கக் கட்டைவிரலால் தந்தியை அடிக்கிற ஸ்லாப், பின்பாதி முழுக்க விரல்களால் வருடுகிற ஸ்ட்ரம். அதை அவரே உண்டாக்கினார், எங்கும் எழுதிவைக்கவில்லை. என்னிடம் இருப்பது நீங்கள் பயிற்சி அறையில் செல்போனில் பதிவு செய்த அந்த ஒன்றுதான். அவர் கை எங்கே விழும், எப்படி எழும் என்று அவருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நீ.

பதினோரு வருடமாகக் கண்ணாடி வில்லையைப் பிரேமில் பொருத்துகிற கை இது. கொஞ்சம் அழுத்தினாலும் வில்லை விரிசல் விட்டுவிடும். அழுத்தாமல் இருக்கப் பழகிய கையை இப்போது அடி அடி என்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறது. சொல்லித் தா.

அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சொல்லித்தர மாட்டேன்.

காரணமும் உங்களுக்குத் தெரியும். எட்டு வருடமாக என் டிரம்ஸுக்கு இடப்பக்கம் அண்ணன் நின்றான். அவன் இல்லாமல் அந்த இடத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் ஏன் போனான்? அக்டோபரில் பயிற்சி அறையில், மாஸ்டர் முன்னால், எல்லார் முன்னாலும், “உங்களுக்கு வாசிக்கத் தெரியறதைத் தவிர வேற என்ன தெரியும்?” என்று கேட்டீர்கள். மூன்றாம் நாள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று நீங்களே சொன்னீர்கள். இப்போது அந்த ஒன்றும் உங்களுக்கே வேண்டுமா?

இங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை சரியாக இருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து வரிசை. ஊசியைப் பார்த்து மயங்கி விழுபவர்கள் எல்லாரும் ஆஜானுபாகுவான ஆண்கள். ஆறு மாத மாற்றல் முடிய இன்னும் நாளிருக்கிறது. பதினான்காம் தேதிக்கு மட்டும் லீவு சொல்லியிருக்கிறேன்.

மாஸ்டர் வெளி ஆளைத் தேடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: கட்டைவிரலை ஆணி அடிப்பதுபோல் மேலிருந்து இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் நகக்கண் கிழியும். தோளும் முழங்கையும் சும்மா இருக்கட்டும். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டு மட்டும் திரும்ப வேண்டும். கட்டைவிரலின் பக்கவாட்டு எலும்பு தந்தியில் பட்டதும் எழுந்துவிட வேண்டும், அங்கே உட்காரக் கூடாது. இதைச் சொன்னதால் நான் சம்மதித்துவிட்டதாக அர்த்தமில்லை.


ஜூன் 13

குட்டிக்கு,

நகக்கண் ஏற்கெனவே கிழிந்துவிட்டது. உன் பின்குறிப்பு நான்கு நாள் தாமதம். ஆனாலும் சாவி திருப்பியதும் சத்தம் வந்துவிட்டது. சமையலறையில் அடுக்கியிருந்த தட்டெல்லாம் அதிர்ந்தன. நான் ஒரே ஒரு அடி அடித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, குட்டி. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆள்காட்டி விரலை மெல்லிய தந்திக்கு அடியில் கொடுத்துச் சுண்டி இழுப்பதும் பாதி வருகிறது. இழுத்ததும் தந்தி ‘பட்’டென்று கட்டையில் வந்து அறைய வேண்டும் இல்லையா? பத்துக்கு ஆறு அறைகிறது. மீதி நான்கில் விரல் மாட்டிக்கொள்கிறது.

தீராத தொல்லை இன்னொன்று இருக்கிறது. பதிவில் ஒவ்வொரு கட்டைவிரல் அடிக்கும் சுண்டலுக்கும் நடுவே மூன்று உலர்ந்த சத்தம் கேட்கிறது. டக், டக்-டக். சுரம் எதுவும் இல்லாத வெறும் தட்டு. அதை எப்படி நுழைப்பது? அடிக்கிற கைக்கு மூச்சுவிடக்கூட இடமில்லை. இரண்டு வாரமாக அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கடையில் வாடிக்கையாளரின் பிரேமைத் துடைக்கும்போதும் கட்டைவிரல் டக், டக்-டக் என்கிறது. முதலாளி, “ஏம்மா, கைக்கு ஏதாவது வாதமா?” என்று விசாரித்தார்.

அக்டோபரில் நான் கேட்ட கேள்வியைத் தேதியோடு எழுதியிருக்கிறாய். அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை ஏன் எழுதவில்லை? அது உனக்கு ஞாபகமில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

வெளி ஆள் யாரும் அகப்படவில்லை என்று மாஸ்டர் சொன்னார். தினமும், “டிரம்ஸ்காரி என்ன சொன்னா?” என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

நீங்கள் சொல்கிற உலர்ந்த சத்தம் ஊமைத் தட்டாக இருக்கும். இடது கை விரல்களைத் தந்தியின் மேல் லேசாகப் படுக்கவைத்து வாயடைத்துவிட்டு, வலது கட்டைவிரலால் அடிக்க வேண்டும். சுரம் வராது, தட்டு மட்டும் வரும். அண்ணன் அங்கங்கே அப்படி அடிப்பான். மூன்று மூன்றாக அடிப்பானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பதிவில் கேட்கிறதென்றால் அடித்திருப்பான்.

ஸ்ட்ரம்முக்கு: வலது கட்டைவிரல் தடித்த தந்தியின் மேல் ஓய்வாக இருந்து அதை ஊமையாக்கட்டும். மற்ற விரல்களில் மூன்றின் நகமுதுகால் மெல்லிய தந்திகளைக் கீழ்நோக்கி வருடுங்கள். சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுகிற பலம் போதும். பேஸ் தந்தி தடி, எல்லாவற்றையும் சேர்த்து அடித்தால் லாரி ஸ்டார்ட் ஆவதுபோல் இருக்கும்.

மாஸ்டரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் வாசிப்பதைக் கேட்காமல் ஆமாம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. முழுப் ‘படிக்கட்டை’யும் பதிவு செய்து மெமரி கார்டில் போட்டு அனுப்புங்கள்.

அந்த ஐந்து நிமிடம் எது என்று தெரியவில்லை. இங்கே வேலை அதிகம், தலைக்குள் பல விஷயம் ஓடுகிறது. அதில் ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம்.

குட்டி


ஜூன் 26

குட்டிக்கு,

கார்டு உள்ளே இருக்கிறது, பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவது முயற்சி. மூன்று தட்டும் வந்துவிட்டன. இடது கை நாலு நாளாக மரத்துப் போய்க் கிடக்கிறது. ஆனால் வந்துவிட்டன. உன் அண்ணன் இதை நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. மனிதர் மேல் ஆயிரம் கோபம் இருக்கலாம். இந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

அந்த ஐந்து நிமிடம் எது என்று தெரியவில்லையா? நான் சொல்கிறேன்.

சாப்பாட்டு டப்பாவோடு பயிற்சி அறைக்கு வந்தேன். நீங்கள் ‘படிக்கட்டு’ முடித்திருந்தீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன்: “இதை எனக்கும் கத்துக் குடுங்களேன்.” அவர் என்ன சொன்னார்? “உனக்குத் தாளம்னா காலண்டர்ல தேதி கிழிக்கிறதுதான். போய்க் கண்ணாடி துடை.” எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் குனிந்துகொண்டார். நீ குச்சியால் சிம்பல் தகட்டில் ஒரு தட்டு தட்டினாய், கோமாளி விழும்போது தட்டுவார்களே, அதுபோல. அதற்கு இன்னொரு சிரிப்பு. அதன்பிறகுதான் நான் கேட்டேன், அவருக்கு வேறென்ன தெரியும் என்று.

நான் கேட்டது தப்பு. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் போனதற்கு நான் மட்டும் காரணம் என்று எட்டு மாதமாக நீ என்னைச் சுமக்க வைத்திருக்கிறாய். நானும் பேசாமல் சுமந்தேன். இனிமேல் முடியாது.

அந்த இடம் அவருடையது என்றாயே, எனக்கு அவருடைய இடம் வேண்டாம், குட்டி. எனக்கு வாசிக்க வேண்டும். முப்பத்தொன்பது வயதில் ஒன்றே ஒன்று வேண்டும் என்று தோன்றுகிறது, அது இதுதான். நன்றாக இல்லை என்றால் இல்லை என்று எழுது. மழுப்பாதே.

உன் மனதில் இருக்கிற அந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடு. நீ “இப்போது வேண்டாம்” என்று எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இது நான்காவது காகிதம்.

கார்டு நேற்று வந்தது. மதிய இடைவேளையில் கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன். முதல் தடவை எங்கேயோ இடித்தது. இரண்டாம் தடவையும் இடித்தது. மூன்றாம் தடவை என் வலது கை தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது. டக், டக்-டக். அப்போதுதான் உறைத்தது.

அண்ணி, அந்த மூன்று தட்டு அண்ணனுடையது இல்லை. அது நான்.

என் முன்னால் இருக்கிற சின்ன ஸ்நேர் டிரம்மின் மேல் குச்சியைப் படுக்கவைத்து அதன் ஓர விளிம்பில் தட்டுவேன். உலர்ந்த சத்தம்தான் வரும். அன்றைக்குச் செல்போனை ஸ்நேருக்கும் பேஸின் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் ஸ்டூலில் வைத்திருந்தோம். இரண்டும் ஒரே வாத்தியம்போலப் பதிவாகியிருக்கிறது. நீங்கள் எழுதியபோது எனக்குப் புரியவில்லை. என் கை செய்வதை நான் காதால் கேட்டதே இல்லை போலிருக்கிறது. போதாததற்கு ஊமைத் தட்டு என்று நானே உங்களைத் தப்பான வழியில் தள்ளிவிட்டேன். ஒரு மாதமாக நீங்கள் இரண்டு பேருடைய வாசிப்பை ஒரு ஜோடிக் கையால் வாசிக்கப் பார்த்திருக்கிறீர்கள். வாசித்தும் விட்டீர்கள். இதை அண்ணனால் செய்ய முடியாது. யாராலும் முடியாது என்றுதான் நேற்றுவரை சொல்லியிருப்பேன்.

நீங்கள் கும்பிட்டீர்களே, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரத்தம் கொடுக்க வந்த ஒருவர், “ரொம்ப வலிக்குமா சிஸ்டர்?” என்று பயந்துவிட்டார்.

சிம்பலில் தட்டியது நான்தான். ஞாபகமில்லை என்று எழுதியது பொய். அது என் நெஞ்சிலேயே கிடந்தது, அதை மூடத்தான் உங்கள் மேல் பழியைத் தூக்கிப் போட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இனி அந்த விஷயம். போன மாதம் பத்தொன்பதாம் தேதி அண்ணன் போன் செய்தான். எங்கே இருந்தான் என்று சொல்லவில்லை. ஹோட்டல் விஷயம் யார் மூலமோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. “பதினாலாம் தேதி நான் வாசிக்கிறேன், பேஸை எடுத்து வைக்கச் சொல்லு” என்றான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் வாசிப்பதை நான் சொல்லவில்லை. அவன் வரப்போகிறான் என்பதை உங்களிடமும் சொல்லவில்லை. அவன் குரல் கேட்டதும் பல்லைக் காட்டிவிட்டேன் அண்ணி, அதுதான் உண்மை. எட்டு மாதம் கழித்து என் அண்ணன் வருகிறான் என்கிற சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பத்தாம் தேதிக்குள் வந்துவிடுவான்.

மாஸ்டருக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

குட்டி


ஜூலை 6

குட்டிக்கு,

பத்தாம் தேதிக்குள் என்று எழுதினாய். உன் கடிதம் எனக்குக் கிடைத்தது நேற்று மதியம். உன் அண்ணன் வந்தது நேற்றுக் காலை.

மணி அடித்தது, கதவைத் திறந்தேன், நிற்கிறார். இளைத்திருக்கிறார். “நல்லா இருக்கியா?” என்றார். “இருக்கேன்” என்றேன். நேரே அலமாரிப் பக்கம் போனார். பேஸ் அங்கே இல்லை, ஹாலில் ஸ்டாண்டில் இருந்தது. தந்தி புதிது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உட்கார்ந்து ‘படிக்கட்டு’ வாசித்தார். எட்டு மாதம் தொடாத கை என்று சொல்ல முடியாது. என்னைவிட எவ்வளவோ நன்றாக வாசிக்கிறார், குட்டி. நான் தலைகீழாக நின்றாலும் அந்தச் சுண்டல் எனக்கு வராது. ஆனால் நடு நடுவே வெற்றிடமாக இருந்தது. எதையோ காணோமே என்று தேடினேன். மத்தியானம் உன் கடிதத்தைப் பிரித்த பிறகுதான் விளங்கியது, காணாமல் போனது நீ என்று.

வாசித்து முடித்துவிட்டு, “பதினாலாம் தேதிக்கு நான் இருக்கேன். அதுவரைக்கும் மாஸ்டர் வீட்டுல தங்கிக்கிறேன்” என்றார். “உங்க தங்கச்சி என்ன சொல்றாளோ அதுதான்” என்றேன். “அவ என்ன சொல்லுவா?” என்று சிரித்தார். பேஸை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை. அவருடையதுதானே. ஸ்டாண்ட் மட்டும் இருக்கிறது. அதை மடக்கி வைக்க மனம் வரவில்லை.

இரண்டு வாரம் மறைத்தாய். அந்தக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். சிம்பலுக்கு மன்னிப்புக் கேட்டாய், அது முடிந்தது. இது இன்னும் முடியவில்லை.

இன்று மாஸ்டர் கடைக்கு வந்து எனக்கு எதிரே நெளிந்துகொண்டு நின்றார். “டிரம்ஸ்காரி சொல்றதுதான்மா. நான் சொன்ன வார்த்தையிலிருந்து மாறமாட்டேன்” என்றார். ஆகவே மறுபடி உன்னிடம்தான் வந்து நிற்கிறது. என் மேல் பரிதாபப்பட்டு என் பெயரைச் சொல்லாதே, அப்படி ஓர் இடத்தில் நிற்க எனக்குக் கால் வராது. அண்ணன் என்பதற்காக அவர் பெயரையும் சொல்லாதே. வாசிப்பவள் நீ. யார் பக்கத்தில் நின்றால் உன்னால் நன்றாக வாசிக்க முடியுமோ, அவர் பெயரைச் சொல். அது நானாக இல்லாவிட்டால் நான் செத்துப்போய்விட மாட்டேன். ஆனால் வலிக்கும். அதையும் மறைக்கப் போவதில்லை.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதமும் நானும் ஒரே நாளில் வந்து சேர்ந்தாலும் சேர்வோம். ஆனாலும் எழுதிவிடுகிறேன். நேரில் என்றால் உளறிவிடுவேன்.

உங்கள் பதிவைப் போட்டு அதோடு சேர்ந்து தட்டிப் பார்த்தேன். இங்கே டிரம்ஸ் எங்கே இருக்கிறது? பரிசோதனைக் கூடத்தின் காலி அட்டைப்பெட்டிகள்தான், நாலைந்து. பிறகு அண்ணனோடு வாசித்த பழைய பதிவைப் போட்டு அதோடும் தட்டினேன். நாலு நாள் இதுதான் வேலை.

அண்ணன் ஸ்ட்ரம் பகுதிக்கு வந்ததும் ஓடுவான். எப்போதும் ஓடுவான். நான் பின்னாலேயே விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பிடிப்பேன். முடிந்ததும் திரும்பி, “உன் கை தூங்குது குட்டி” என்பான். எட்டு வருடமும் என் கைதான் தூங்குகிறது என்று நம்பினேன். அதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பழகினேன். இப்போது தாளக் கணக்குச் சொல்லும் அளவுமணியை வைத்து இரண்டு பதிவையும் பார்த்தேன். என் கை தூங்கவே இல்லை, அண்ணி.

உங்கள் சுண்டலில் பத்துக்கு மூன்று இன்னும் மாட்டுகிறது. ஸ்ட்ரம்மில் தடித்த தந்தி ஒருமுறை வாய் திறந்துவிட்டது. மழுப்பாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

நேற்று மாஸ்டருக்குப் போன் செய்து உங்கள் பெயரைச் சொன்னேன். “ஹோட்டல் போனாப் போயிடுமேம்மா” என்றார். “போகட்டும் மாஸ்டர்” என்றேன். “சரி, சொன்னது சொன்னதுதான்” என்று பெருமூச்சு விட்டார். கீபோர்டுகாரரின் மைத்துனரிடம் ஒரு பேஸ் இருக்கிறதாம், வாங்கித் தருகிறார். அதன் கழுத்து கொஞ்சம் அகலம், உங்கள் விரலுக்கு இரண்டு நாள் இழுக்கும். லீவை மூன்று நாள் கூட்டி வாங்கிவிட்டேன், பதினொன்றாம் தேதி காலை வண்டியில் நான் வந்துவிடுவேன். அன்றிலிருந்து மூன்று நாள், காலையும் மாலையும். கடைக்கு லீவு சொல்லிவிடுங்கள். மறைத்ததற்கு என்ன திட்ட வேண்டுமோ, அதை ரயிலடியிலேயே முடித்துவிட்டு நேரே பயிற்சி அறைக்குப் போவோம்.

அண்ணனிடமும் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மாஸ்டர் வீட்டு நம்பரில் கூப்பிட்டேன். முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு அவன் குரல் மாறியது.

“அவ என்னைவிட நல்லா வாசிக்கிறாளா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்கு?”

“அவங்க நான் வாசிக்கிறதைக் கேக்கிறாங்க அண்ணா.”

போனை வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. இன்று காலையும் எடுக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

குட்டி